கோசோத் தீவில் சொன்ன "போட்டு வாறன்"

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்வதில்லை. சொன்னால் அபசகுனம். சந்திக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும், கப்பலேறிக் கண்டம் தாண்டிப் போனாலும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்பதுதான் வழக்கம். திரும்பி வருவதாக அதில் ஒரு வாக்குறுதியும் கிடையாது. அது வெறும் மரியாதை. சொல்பவருக்கும் அது தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இது தெரியாத ஒரு வயோதிபப் பெண்ணிடம், மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவில், நான் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு செய்தது இன்னும் மோசம். இதை எழுதுவதைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டே இத்தனை வருடம் கடத்திவிட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னிக்கு மேற்கே பென்டில் ஹில்லில் ஒரு மால்டாக் குடும்பத்தின் வீட்டில் பின்னறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். இன்றைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் வாங்கலாம். அன்றைக்கு அங்கே இருந்ததெல்லாம் கோழிதான். எங்கள் வீட்டுப் பின்வளவிலிருந்து கிரவீன் பக்கம் வரைக்கும் மால்டாக்காரர்களின் கோழிக்கூடுகள் வரிசை வரிசையாக நிற்கும். நான் பரமட்டாவில் ஒரு கந்தோரில் கட்டடப் படம் வரைகிற வேலை செய்தேன். கோழி மணம் என் சேர்ட்டில் ஏறி, றெயினில் என்னோடு வந்து, படம் வரைகிற மேசையிலும் குந்தியிருக்கும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாளே அவரை "அன்ரி" என்று கூப்பிட்டேன். அவருக்குச் சிரிப்பாக இருந்தது. புருஷன் பக்கத்தில் தனக்கு ஏற்கெனவே முப்பது பெறாமக்கள் இருக்கிறார்கள், முப்பத்தோராவதாக ஒரு கறுவலா என்று கேட்டபடி என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு கரண்டி மக்கரோனியைப் போட்டார். அவருடைய இங்கிலிசு ஒரு காலில் நொண்டும், என்னுடையது மற்றக் காலில் நொண்டும். இரண்டும் சேர்ந்து எப்படியோ நடந்தன. அந்தப் பேச்சை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது வாய் தன்பாட்டில் "ஐ வில் கோ அண்ட் கம், அன்ரி" என்று சொல்லிவிடும். முதல் கிழமை அவர் விடவில்லை.

"வராமல் எங்க போகப்போறாய்? உன்ர பெட்டி இஞ்சைதானே கிடக்குது," என்றார்.

எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று. அதன் பிறகு நான் வாய் திறக்குமுன் அவரே முட்டைக் கூடையும் கையுமாகக் குசினி வாசலில் நின்று, "கோ அண்ட் கம்!" என்று கத்துவார். பக்கத்து வீட்டு அவுஸ்திரேலியருக்கு நாங்கள் இருவரும் பைத்தியங்கள் என்று தோன்றியிருக்கும்.

அவர் பிறந்தது மால்டாவில் அல்ல, அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இருக்கும் கோசோ என்ற தீவில். புதுப் பெண்ணாகக் கப்பலேறியவர், பிறகு இருபது வருடமாக ஊர் திரும்பவில்லை. தாய்க்கு அவர் ஒரே பிள்ளை. தகப்பன் செத்தபோதும் போக முடியவில்லை. கோழிக்கு லீவு கிடையாது. காலையும் மாலையும் முட்டை பொறுக்க வேண்டும், தீன் போட வேண்டும். அவருடைய புருஷன் அங்கிளுக்கோ முதுகு வருத்தம், ஒரு வாளி தூக்கினால் மூன்று நாள் படுக்கை. அதனால் தாயை இங்கே கூப்பிட்டுவிடுவது என்று முடிவாகி, குடிவரவுப் பேப்பர்களும் சரிவந்து, அந்தப் பேப்பர்கள் கோசோவில் ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்தன. தாய் தனியாக வரமாட்டேன் என்றுவிட்டார். "வீட்டு ஆள் ஒருத்தர் வந்து கூட்டிக்கொண்டு போனால் வாறன்" என்பது அவருடைய ஒரே பேச்சு. அந்தப் பேப்பர்களுக்கு ஒரு கெடு இருந்தது. அது முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சேர்ந்துபோன லீவு ஏழு கிழமை கிடைத்தது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த அண்ணையைப் பார்த்து, திரும்பும்போது கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் போய் அம்மாவையும் பார்த்து வருவதாகத் திட்டம். ரிக்கற் ரோம் வழியாக என்று அறிந்ததும் அன்ரியின் முகம் மாறிவிட்டது.

"ரோமிலயிருந்து எட்டிப் பாக்கிற தூரம்தான்," என்றார். அது எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "நீ ஒண்டும் செய்ய வேண்டாம். என்ர கண்ணுக்குப் பதிலா உன்ர கண்ணால ஒருக்கா அம்மாவைப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லு. அது காணும்."

தாய்க்கென்று ஒரு கம்பளிச் சட்டையும், கோழிக்கூட்டுக்கு முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படம் ஒன்றும் தந்தார். கூட்டிக்கொண்டு வா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒளிய ஒரு இடமாவது இருந்திருக்கும்.

ரோமிலிருந்து தெற்கே போகிற றெயினில் ஏறினேன். இத்தாலியின் நுனியில் அந்த றெயினைப் பெட்டி பெட்டியாகக் கழற்றிக் கப்பலுக்குள் தள்ளினார்கள். றெயினுக்குள் இருந்தபடியே கடலைக் கடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு முன்னால் இருந்த குடும்பம் பாணும் ஒலிவ் காயும் தந்து, எனக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று சைகையால் கேட்டது. இல்லை என்றதும் ஆளுக்காள் பார்த்துக் கவலைப்பட்டார்கள். சிசிலியின் மறுமுனையில் இறங்கி, அங்கிருந்து மால்டாவுக்கு ஒரு கப்பல். வயிற்றுக்குள் இருந்ததையெல்லாம் அந்தக் கடலுக்குக் கொடுத்தேன். ஒரு கிழவியைப் பார்க்க இந்தப் பாடா என்று கோபம் கோபமாக வந்தது. எட்டிப் பார்க்கிற தூரமாம்.

மால்டாத் துறைமுகத்தைக் கண்டதும் கோபம் ஆறிவிட்டது. கரை முழுக்க மஞ்சள் கல். கோட்டையும் கல், வீடும் கல், படியும் கல். ஐரோப்பா என்றால் பச்சைப் பசேல் என்று நினைத்துக்கொண்டு போனவனுக்கு, எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை அடுக்கி அதன்மேல் மாதா கோயில்களைக் கட்டி வைத்தது போல இருந்தது. தெருவில் சிவப்புத் தபால் பெட்டி, வாகனங்கள் இடது பக்கம், கடைக்காரனின் தேத்தண்ணிக்குள் பால். வெள்ளைக்காரன் இங்கேயும் அதே சாமான்களைத்தான் விட்டுப் போயிருந்தான். பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு மேலே, எங்கள் ஊரில் பிள்ளையார் இருக்கிற இடத்தில், மாதா பிளாஸ்டிக் பூவோடு இருந்தார். சாரதி வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து, அதே கையால் சிலுவையும் போட்டுக்கொண்டார். வெயில் தாங்காமல் நான் பஸ் தரிப்பிடத்தில் குடையை விரித்தபோது பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

தீவின் வடக்கு முனை வரை அந்த பஸ். அங்கிருந்து கோசோவுக்கு ஒரு சின்னப் படகுக் கப்பல், அரை மணித்தியாலம். மறுகரையில் இன்னொரு பஸ், சாம்பல் நிறம். அன்ரியின் ஊர்ப் பேரைச் சொன்னேன். யார் வீட்டுக்கு என்று சாரதி கேட்டார். தாளில் எழுதியிருந்த பேரைக் காட்டினேன். பிறகு அது பஸ் முழுவதற்கும் உரிய விஷயமாகிவிட்டது. பின்சீற்றில் இருந்தவர் ஒன்று சொன்னார், முட்டைக்கோசு மூட்டையோடு இருந்த பெண் அதை மறுத்தார். கடைசியில் சாரதி தரிப்பில் நிறுத்தாமல், சந்தியைத் தாண்டி, குறுகிய ஒழுங்கைக்குள் பஸ்ஸை விட்டு, நேரே வாசலில் என்னை இறக்கினார். பயணிகளில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கதவு திறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் நகர்ந்தது.

அந்தக் கதவில் திறப்பு வெளிப்பக்கமாகப் பூட்டிலேயே தொங்கியது. ஒழுங்கையில் எல்லாக் கதவிலும் அப்படித்தான். வருகிறவர்கள் திருகிக்கொண்டு உள்ளே வரலாம். தன் அம்மாவின் கதவில் இருந்து அந்தத் திறப்பை யாரும் எடுத்துத் தான் ஒரு நாளும் கண்டதில்லை என்று அன்ரி முன்னொரு தடவை சொல்லியிருந்தார்.

தாய் என் தோளுக்குக்கூட வரமாட்டார். கறுப்புச் சட்டை, கறுப்புத் தலைத்துண்டு. அவருக்கு இங்கிலிசு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவர் மால்டாவில் வெள்ளைக்காரரின் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவர், இங்கிலிசை அதிகாரி மாதிரிச் சத்தமாகப் பேசுவார். தாய் என் கன்னம் இரண்டையும் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, என் கண்ணுக்குள்ளே நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"உங்கட கண் அவவின்ர மகளை ஒவ்வொரு நாளும் பாக்கிற கண்ணாம்," என்று பக்கத்து வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார். "அதைத்தான் பாக்கிறா, மிஸ்டர். நீங்கள் அசையாதேங்கோ."

மூன்று நாள் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத் தீவைக் காட்டப் புறப்பட்டார். தானும் வருவதாகத் தாய் வந்து பஸ்ஸில் ஏறிவிட்டார். வருடக்கணக்காக அந்தப் பக்கமெல்லாம் போகாதவராம். வயல்களுக்கு நடுவே சாந்து இல்லாமல் அடுக்கிய கல்வேலிகளும், வேலியோரம் சப்பாத்திக்கள்ளியுமாகக் கிடந்தது ஊர். வடக்குக் கரையில் பாறையைக் குடைந்து சதுரம் சதுரமாக உப்புப் பாத்தி. ஆனையிறவில் உப்பைச் சேற்றுத் தரையில் பார்த்தவன் நான், இங்கே கல்லிலிருந்து பொறுக்கினார்கள். ஒரு ஊரில் கோயிலின் இரண்டு கோபுரங்களிலும் இரண்டு மணிக்கூடுகள், இரண்டும் வேறு வேறு நேரம் காட்டின. ஒன்று பழுதோ என்று கேட்டேன்.

"பழுதில்லை, மிஸ்டர். ஒண்டு எங்களுக்கு, மற்றது பிசாசுக்கு. பூசை நேரம் தெரியாமல் பிசாசு மாறிப் போகட்டும் எண்டு."

இறங்கிய இடமெல்லாம் தாய் என்னைக் கையில் பிடித்து ஊராருக்குக் காட்டினார். காட்டும்போது ஒரே வசனத்தைத்தான் சொன்னார். அதன் கருத்து என்ன என்று கேட்டேன். "என்ர மகளின்ர வீட்டு ஆள்" என்பதாம். அது சரியில்லை, நான் வாடகைக்கு இருப்பவன் என்று நான் சொல்லவில்லை. சொல்ல விருப்பமும் வரவில்லை. சிட்னியில் றெயினில் என் பக்கத்துச் சீற் காலியாகத்தான் இருக்கும். இங்கே ஒரு தீவே என்னை வீட்டு ஆள் என்று கும்பிட்டு வரவேற்கிறது. வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் காலை பஸ் ஒழுங்கை முனையில் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கடிதம் ஏதும் எழுத வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று அண்ணையின் லண்டன் விலாசத்தை அவரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். வாசலில் நின்று தாயின் கையைப் பிடித்து, வழக்கப்படி, "ஐ வில் கோ அண்ட் கம்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அதை மொழிபெயர்த்தார்.

தாய் என் கையை விடவில்லை. "மேத்தா?" என்றார்.

"எப்ப எண்டு கேக்கிறா," என்றார் அவர்.

என் வாழ்நாளில் "போட்டு வாறன்" என்றதற்கு யாரும் என்னை "எப்ப?" என்று கேட்டதில்லை. அதற்குப் பதில் ஒன்று இருக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். ஆறு கிழமையில் லீவு முடிந்து சிட்னியில் நிற்பேன் என்ற எண்ணம் மனதில் ஓடியிருக்க வேண்டும். "சிக்ஸ் வீக்ஸ்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அது மொழிபெயர்ந்து போய்ச் சேர்ந்ததும் தாயின் முகம் விரிந்ததைப் பார்த்தேன். மகள் வீட்டு ஆள் ஆறு கிழமையில் வந்து கூட்டிக்கொண்டு போவான் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று இன்றைக்கு எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை, ஆனால் விளங்கியது. திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "இல்லை" என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் உள்ளே ஓடிப்போய், மிளகு பூசிக் காயவைத்த சின்னச் சின்ன ஆட்டுப்பால் கட்டிகளைத் துணியில் முடிந்து கொண்டுவந்து என் கையில் திணித்தார். நான் பஸ்ஸில் ஏறினேன். பிசாசுக்குக் காட்டுகிற நேரத்தை அவருக்குக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்ற எண்ணம் படகுக் கப்பலில் வைத்துத்தான் வந்தது.

லண்டனில் அண்ணையும் நானும் அந்தப் பால்கட்டிகளைப் பாணோடு தின்று முடித்தோம். நல்ல ருசி. மூன்றாவது கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. அதை இன்றும் வரி வரியாகச் சொல்லுவேன். அடுத்த தெருவில் ஒரு குடும்பம் மெல்பேர்ணுக்குக் குடிபெயர்கிறது, அம்மாவைத் தங்களோடு கூட்டிக்கொண்டு போய்ச் சிட்னி விமானத்தில் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறார்கள், அம்மா மறுத்துவிட்டார், மகள் அனுப்பிய ஆள் வருகிறார் என்று சொல்கிறார், இரண்டு ஆடுகளையும் கொடுத்துவிட்டார், கதவிலிருந்து திறப்பை எடுத்து என்னிடம் தந்துவிட்டார், நீங்கள் வருவது நிச்சயமா, இல்லையென்றால் உடனே எழுதுங்கள், அந்தக் குடும்பம் போகும் நாள் இன்னது.

அந்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தந்தி அடித்திருந்தால் மறுநாளே போயிருக்கும்.

அண்ணை கடிதத்தை வாங்கி வாசித்தார். "என்னடா இது, கிழவியை ஏமாத்திப்போட்டு வந்திருக்கிறாய்? உடன ஒரு போஸ்ற்காட்டைப் போடு," என்றார்.

"ஓம் அண்ணை, போடுறன்."

போய் ஒரு போஸ்ற்காட் வாங்கினேன், சிவப்பு பஸ் படம் போட்டது. விலாசத்தை முத்து முத்தாக எழுதினேன். மறுபக்கத்தில் என்ன எழுதுவது? வரமாட்டேன் என்றா? ஆடு கொடுத்த பிறகா? திறப்பை எடுத்த பிறகா? உண்மையிலேயே போய்க் கூட்டிவரலாமா என்றும் யோசித்தேன். அதற்கு ரிக்கற்றை மாற்ற வேண்டும், கொழும்பை விட வேண்டும். அங்கே அம்மா எனக்கு ஒரு பெண் பார்த்து வைத்து, பார்க்கும் நாளையும் குறித்துவிட்டார். நாளைக்கு எழுதுவோம் என்று காட்டைக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். நாளைக்கும் நாளைக்குத்தான் எழுத நினைத்தேன். ஒன்பது நாள் அப்படியே போயிற்று. பத்தாம் நாள், இனி எழுதி என்ன பிரயோசனம் என்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைக்கும்போது இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அம்மா நண்டுக்கறி வைத்துத் தந்தார். பெண் பார்த்தேன், சரிவரவில்லை. நான் சொன்ன ஆறாவது கிழமையின் அந்த நாளில், சிங்கப்பூர் விமான நிலையத்தில் இருந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தேன்.

பென்டில் ஹில்லில் அன்ரி கேற்றடியில் காத்து நின்றார். என்னைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியை வைத்து, "சொல்லு," என்றார். சொன்னேன். அம்மாவுக்கு முடி எவ்வளவு நரைத்திருக்கிறது, நடக்கும்போது எந்தக் காலைத் தாங்குகிறார், கம்பளிச் சட்டையை வெயிலுக்குள் போட்டுக்கொண்டு ஊர்வலம் வந்தது, உப்புப் பாத்தி, பஸ்ஸை ஒழுங்கைக்குள் விட்ட சாரதி, எல்லாம். அந்த ஒன்றைத் தவிர எல்லாம். முட்டைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார், துடைத்த முட்டையையே திரும்பவும் துடைத்தார்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரின் கடிதம் அன்ரிக்கு வந்தது. வேலையால் வந்தபோது அவர் குசினி மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். தாய் பெட்டியோடு துறைமுகத்துக்குப் போய், முதல் கப்பலிலிருந்து கடைசிக் கப்பல் வரைக்கும் நின்றிருக்கிறார். அடுத்த நாளும் போயிருக்கிறார். நான்காம் நாள்தான் திறப்பைத் திரும்ப வாங்கியிருக்கிறார்.

"ஏன் அம்மா நீ வருவாய் எண்டு நினைச்சா?" என்று கேட்டார்.

"போட்டு வாறன் எண்டு சொன்னனான், அன்ரி. அது அங்க பிழையா விளங்கியிட்டுது போல."

அன்ரி கடிதத்தை மேசையில் தள்ளி வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்து, அது சிரிப்பா அழுகையா என்று தெரியாத இடத்துக்குப் போனார். "ஐயோ, உன்ர கோ அண்ட் கம்!" என்றார். பிறகு கடிதத்தைத் திரும்ப எடுத்து, "லண்டனுக்கு உனக்கு எழுதினவராம். கிடைச்சதே?" என்று கேட்டார்.

அந்தக் கடிதம் அப்போது என் அறையில், பெட்டிக்குள், சிவப்பு பஸ் காட்டோடு கிடந்தது.

"இல்லை, அன்ரி," என்றேன்.

தாயிடம் சொல்லவராத அந்த "இல்லை" மகளிடம் எவ்வளவு சுலபமாக வந்தது. தபால்காரர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று அன்ரி திட்டினார். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு அந்தக் கதை கோயில் வாசல் கதையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மால்டாக்காரர்களைக் கூட்டி வைத்து, "இவரின்ர நாட்டில போகும்போது வாறன் எண்டுதான் சொல்லுவினமாம்" என்று என்னைக் காட்டிச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பாஷை தெரியாமல் நடந்த பிழை என்று என்னை முழுமனதாக மன்னித்துவிட்டார். நான் செய்யாத குற்றத்துக்குக் கிடைத்த மன்னிப்பை வைத்துக்கொண்டு, செய்த குற்றத்தோடு அவருடைய மேசையில் அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கெடு முடிந்து பேப்பர்கள் காலாவதியாகின. புதிதாகப் போட்டார்கள். திரும்ப மருத்துவச் சோதனை. இந்தத் தடவை டொக்டர் இதயம் பலவீனம், இவ்வளவு தூரம் பறக்க முடியாது என்று எழுதிவிட்டார். அங்கிள் தன் முதுகோடு தானே முட்டை பொறுக்குவதாகச் சொல்லி அன்ரியைப் போகச் சொன்னார், இரண்டாம் நாளே படுத்துவிட்டார். அதற்கடுத்த வருடம் தாய் செத்துப் போனார். தந்தி வந்த அன்று பின்னேரமும் அன்ரி கூடையை எடுத்துக்கொண்டு கூட்டுக்குள் போனார். நான் உதவிக்குப் போனேன். அவர் ஒரு வரிசையில், நான் ஒரு வரிசையில். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், தூசு என்று இருமினேன்.

பிறகு எனக்கு மெல்பேர்ணில் வேலை கிடைத்தது. கடைசிக் கிழமை முழுவதும் அந்தக் கடிதத்தை எரிப்பதா கொடுப்பதா என்று அலைந்தேன். எரிக்க இரண்டு தடவை நெருப்புப் பெட்டி எடுத்தேன். அந்த வீட்டை விட்டு ஒரு பொய்யோடு போய், இன்னொரு ஊரில் நல்ல பிள்ளையாக வாழலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வெளிக்கிடுகிற நாள் காலை அன்ரி எனக்கென்று மக்கரோனியை அவணில் சுட்டுப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். பெட்டியை கேற்றடியில் வைத்துவிட்டு, கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"இது லண்டனில எனக்குக் கிடைச்சது, அன்ரி. கிடைக்கேல்லை எண்டு பொய் சொன்னனான்."

அவர் உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். நின்றபடி வாசித்தார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். ஆடுகள் வருகிற இடத்திலோ திறப்பு வருகிற இடத்திலோ, ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"இது எந்த நாள் உன்ர கைக்கு வந்தது?"

நாளைச் சொன்னேன். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, விரலை மடித்து எண்ணினார்.

"ஒன்பது நாள் இருந்திருக்கு," என்றார்.

"ஓம், அன்ரி."

அவர் கடிதத்தை இரண்டாக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தார். மக்கரோனிப் பொதியை எடுத்து என் கையில் தந்தார். அதை அவர் தராமல் விட்டிருக்கலாம். பெட்டியைத் தூக்கினேன். பழக்கதோஷம், வாய் தன்பாட்டில் திறந்தது.

"அன்ரி, ஐ வில் கோ அண்ட்..."

அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"கம் வேண்டாம்," என்றார். "கோ மட்டும் சொல்லு."

சொன்னேன். பிறந்ததிலிருந்து ஒரு வீட்டு வாசலில் அதை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கியது அன்றைக்குத்தான். கோழிகள் வெளியே வராதபடி அவர் எனக்குப் பின்னால் கேற்றைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார்.